அம்மாவின் முதற் பதிவு

ஒக்டோபர் 8, புதன்

விடியவே மழை. ஜெயபுரத்திலிருந்து முதல் பஸ். பள்ளிக்கூடம் இல்லை; அப்பாவோடு பதிவுக் கந்தோர். வரிசையில் நின்றபடியே நூலகப் புத்தகம் பாதி முடிந்தது.

வேலை: அம்மாவின் பழைய பிறப்புப் பதிவை எடுப்பது. அம்மா தத்துப்பிள்ளை. பிறந்தபோது யோகராணி. வளர்த்தவர்கள் இடம்பெயர்ந்த இடத்தில் தங்கள் பிள்ளையாக, தவமலர் என்று புதிதாகப் பதிந்துவிட்டார்கள். அம்மா செத்து முப்பத்தோராம் நாள் சடங்கன்று மாங்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். "நான் அவளின்ர கூடப்பிறந்த அக்கா." அப்பா நம்பவில்லை. அம்மாவின் காணிக்கு ஆசைப்பட்டு வந்திருக்கிறாராம். பதிவு கையில் வந்த பிறகுதான் உறவு. அதுவரை பெரியம்மா என்று கூப்பிடக் கூடாது. இங்கே 'பெ.' என்று எழுதுகிறேன். அம்மாவைச் சின்னனில் தெரிந்தவர் இனி வேறு யாருமில்லை.

கிளாக்கர்: "செத்தவ தவமலர். நீங்கள் கேக்கிறது யோகராணியின்ர பதிவு."

"ரெண்டும் ஒரே ஆள்தான் சேர்."

"அதுக்கு அத்தாட்சி?"

"அதைத்தானே கேட்டு வந்தனாங்கள்."

"அத்தாட்சி இல்லாமல் தரேலாது."

அப்பா சிரித்தார். கோபச் சிரிப்பு.

கடைசியில், யோகராணியின் இரத்த உறவு கேட்டால் தரலாமாம். நான் தவமலரின் மகள். யோகராணிக்கு நான் யாருமில்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி

வெயில். கணக்கு மிச்சம். பெ.க்கு என்னைப் போன் எடுக்கச் சொன்னார் அப்பா. தான் கதைக்க மாட்டாராம், ஆனால் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தார்: "திங்கள் வரச் சொல்லு. தன்ர பிறப்புச் சான்றிதழ் கொண்டு வரச் சொல்லு. வேற கதை வேண்டாம்."

பெ. கேட்டது: "பிள்ளை சாப்பிட்டாச்சோ?"

ஓம் என்றேன். அதுவும் வேறு கதையாம். அப்பாவின் முறைப்பு.

ஒக்டோபர் 13, திங்கள்

மூவரும் கந்தோரில். பெ.யின் சான்றிதழ் சரி. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பழைய பதிவேடு பூட்டிய அறையில். திறப்பு வைத்திருப்பவர் லீவு. புதன் வரட்டாம்.

அப்பா: "போன கிழமை இதைச் சொல்லியிருக்கலாமே?"

"போன கிழமை அவர் நிண்டவர்."

"அப்ப ஏன் எடுத்து வைக்கேல்லை?" இது பெ., குடையால் மேசையைத் தட்டியபடி. "செத்தவளையே கூட்டிக்கொண்டு வரட்டோ? நீங்கள் இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ தம்பி."

"அப்பிடிக் கேளுங்கோ" என்றார் அப்பா.

பஸ் தரிப்பிடம் வரை இருவரும் மாறி மாறிக் கிளாக்கரைத் திட்டினார்கள். நான் பின்னால். மாங்குளம் பஸ் வந்தது. பெ.யின் பை அப்பாவின் கையில், கொடுக்கவில்லை.

"இப்ப போய்ப் புதன் திரும்ப வாறதோ? விசர் வேலை. வீட்டை வந்து நில்லுங்கோ மச்சாள்."

"மாத்தச் சீலை கொண்டு வரேல்லையே."

"அலுமாரி நிறைய அவளின்ர கிடக்கு."