மஞ்சள் புத்தகமும் வேர்ப் பொட்டலமும்

மச்சாள், எங்கள் பக்கத்து ஃப்ளாட்டுக்கு ஹொங்கொங்கிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. இன்று காலை வெம்பிளியில் மரக்கறி வாங்கிக்கொண்டு படியேறியபோது அவர்களின் கதவிடுக்கு வழியாக ஒரு வாசம் வந்தது. செலரித் தண்டையும் ஈரமண்ணையும் சேர்த்து அவித்தது போன்ற, அடியில் சற்று இனிக்கும் வாசம். பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். கதவைத் தட்டி, வீட்டில் யாராவது இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்கக் கை எழுந்தது. முகம் தெரியாதவர்களிடம் அதை எப்படிக் கேட்பது? கேட்காமல் வந்துவிட்டேன். அதன்பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் தம்பியைக் கட்டி நான் லண்டனுக்கு வந்தபோது உங்களுக்கு இருதய வால்வு மாற்றி இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. கிங்ஸ்பரியில் உங்கள் வீட்டு முன்னறையில் டிவியை நிறுத்தினால், உங்கள் நெஞ்சுக்குள்ளிருந்து கைக்கடிகாரம் ஓடுவது போல ஒரு சத்தம் கேட்கும். அந்த வால்வில் இரத்தம் கட்டிவிடக் கூடாது என்று தினமும் வார்ஃபரின் எடுத்தீர்கள். அதன் அளவை எழுதிவைக்க ஒரு மஞ்சள் புத்தகம் தந்திருந்தார்கள். உங்கள் மகன் கனடாவில். கிளினிக்கில் மொழிபெயர்க்க ஆள் தருகிறோம் என்று அவர்கள் சொன்னபோதும் நீங்கள் சம்மதிக்கவில்லை.

“தெரியாத ஆளுக்கு முன்னால என்ர வருத்தத்தைச் சொல்ல ஏலாது. நீர் வாரும்” என்றீர்கள். அப்படித்தான் நான் உங்களுடைய ஆங்கில வாயானேன்.

முழங்கால் வலி வந்த வருடம் நீங்கள் பட்ட பாட்டை நான் அறிவேன். வார்ஃபரினோடு பனடோலைத் தவிர வேறு வலிக்குளிசை கூடாது என்றார்கள். பனடோல் உங்களுக்குக் கேட்கவில்லை. பிசியோவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தீர்கள். கோயிலில் யாரோ ஒரு சைனீஸ் டொக்டரைப் பற்றிச் சொன்னதும் என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க, மெதுவாகப் பேசும் பெண். உங்கள் இரண்டு கைகளிலும் மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடி நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். உங்கள் முகம் மலர்ந்துபோனது.

“ஊரில நாடி பார்க்கிற எங்கட பரியாரியார் மாதிரியே இருக்கிறா” என்று எனக்குச் சொன்னீர்கள்.

அவர் ஆங்கிலத்தில் கேட்டார், ஆஸ்பத்திரி மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்று. நான் தமிழில் சொன்னேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

“பிரஷர் குளிசை மட்டும் எண்டு சொல்லும். மற்றதைச் சொன்னா மருந்து தரமாட்டா.”

அவர் மறுபடியும் கேட்டார். இருதயத்துக்கு? இரத்தத்துக்கு? நீங்கள் சிரித்துக்கொண்டே மறுத்துத் தலையசைத்தீர்கள். நான் “இல்லை” என்றேன். அவித்துக் குடிக்கச் சொல்லிப் பொட்டலம் கட்டித் தந்தார். வேரும் பட்டையும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். வலியில்லாமல் நீங்கள் படியேறுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

அந்த வேர்கள் வேலை செய்தன, மச்சாள். அதை மறுக்க மாட்டேன். ஒரு கிழமையில் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறினீர்கள். இரவில் நித்திரை வந்தது என்றீர்கள். மூன்றாம் கிழமை தேங்காய் துருவ நீங்கள் சட்டைக்கையை மடித்தபோது முழங்கைக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கண்டலைக் கண்டேன். எங்கே அடிபட்டது என்று கேட்டேன். “ஒரு இடமும் இல்லை” என்றீர்கள். அன்று பஸ்ஸில் போனைத் திறந்து பொட்டலத்தில் எழுதியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். டாங் குவாய் என்ற வேரின் பெயருக்குக் கீழே வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தம் கசியும் என்ற வரியைக் கண்டதும், இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

மறுநாள் கிளினிக். இரத்தம் உறையப் பிடிக்கும் நேரத்தைக் காட்டும் எண், மூன்றுக்குக் கிட்ட நிற்க வேண்டியது, ஐந்தைத் தாண்டியிருந்தது. புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா, மூலிகை ஏதாவது எடுத்தாரா என்று தாதி கேட்டார். வாசலில் வைத்தே நீங்கள் என்னிடம் சொல்லியிருந்தீர்கள்: “இண்டையோட நிப்பாட்டுறன். நீர் ஒண்டும் சொல்லாதையும்.” நான் இரண்டாவது முறையும் “இல்லை” என்றேன். தாதி அதை அப்படியே எழுதிக்கொண்டார். வார்ஃபரினை இரண்டு நாள் விடச் சொல்லி, மூன்றாம் நாள் வரச் சொன்னார்.

நீங்கள் வேரை நிறுத்தவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. அரை மணித்தியாலம் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. துவாய் மாற்றி துவாய் வைத்தேன். அம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஓர் இளம் டொக்டர் குனிந்து, வேறு என்ன எடுக்கிறார் என்று கேட்டார். உங்கள் கை என் கையை இறுக்கியது. அந்த இறுக்கத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும். அப்போதுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேர், பொட்டலம், எத்தனை கிழமை, நான் இரண்டு இடங்களில் சொன்ன பொய். ‘சைனீஸ்’ என்ற சொல் உங்களுக்கு விளங்கியது. கையை இழுத்துக்கொண்டீர்கள்.

ஊசி போட்டு இரத்தத்தை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரி மருந்தாளர் ஒருவர் வந்து அமர்ந்தார். ஏசுவார் என்று பயந்திருந்தேன். அவர் அமைதியாகச் சொன்னார்: “இது வெறும் வேர் என்று நாங்கள் நினைக்கவில்லை. இது வேலை செய்கிற மருந்து. அதனால்தான் பயப்படுகிறோம்.” நான் தமிழில் சொன்னேன். நீங்கள் மூக்கில் பஞ்சோடு, “அப்ப நல்ல வேர்தான்” என்றீர்கள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்று சொன்னீர்கள். “நீர் என்ர வாய். என்ர வாயே எனக்கு எதிராய்க் கதைச்சிட்டுது.” அதற்குப் பிறகு ஐந்து கிழமை என்னோடு பேசவில்லை. நான் கொண்டுவந்த புட்டை உங்கள் தம்பியின் கையில்தான் வாங்கினீர்கள்.

இடையில் ஒருநாள் தனியாக அந்தச் சைனீஸ் டொக்டரிடம் போனேன். நடந்ததைக் கேட்டு அவர் முகம் வெளிறிப்போனது. “நான் உன்னிடம்தான் கேட்டேன். இரண்டு தரம் கேட்டேன்” என்றார்.

ஆறாம் கிழமை நீங்களே போன் எடுத்தீர்கள்.

“புதன்கிழமை சைனீஸ் டொக்டரிட்டப் போக வேணும். வாரும்.”

“என்ன சொல்லட்டும், மச்சாள்?”

“எல்லாத்தையும் சொல்லும்.”

அன்று நீங்கள் மஞ்சள் புத்தகத்தை அவருடைய மேசையில் வைத்த விதம் கண்ணுக்குள் நிற்கிறது. மன்னிப்புக் கேட்கவில்லை. புத்தகத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, கையை நாடி பார்க்க நீட்டினீர்கள். அவர் ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். இனி வேர் இல்லை, ஊசிச் சிகிச்சை மட்டும்தான் என்றார். கிளினிக்குக்குக் கடிதம் எழுதினார், அங்கிருந்து பதில் வரும்வரை ஓர் ஊசிகூடக் குத்தவில்லை. பதில் வந்தபின், எண் சரியாக இருக்கும் நாட்களில் மட்டும், முழங்காலைச் சுற்றி மயிர் போன்ற ஊசிகளை ஆழமில்லாமல் ஏற்றினார். ஒவ்வொன்றையும் எடுத்தபின் அந்த இடத்தைப் பஞ்சால் நெடுநேரம் அழுத்திப் பிடிப்பார். வேர் தந்த அளவு சுகம் இல்லை என்று குறைப்பட்டீர்கள். ஆனாலும் போனீர்கள், ஏழு வருடம்.

போன மாரியில் சளி நெஞ்சில் இறங்கி மூச்சு முட்டியது. அம்புலன்ஸில் வந்த பெண் என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். நீங்கள் கையை உயர்த்தி என்னைத் தடுத்தீர்கள். ஒக்சிசன் மாஸ்க்கைக் கீழே இழுத்து, உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நீங்களே சொன்னீர்கள். வார்ஃபரின். பிரஷர் டேப்லட். நீடில் என்று முழங்காலைத் தொட்டுக் காட்டினீர்கள். சளிக்குக் குடித்த மல்லித் தண்ணிக்கு மட்டும் சொல் தெரியாமல் என்னைப் பார்த்தீர்கள். அதை நான் சொன்னேன்.

நான்காம் நாள் போய்விட்டீர்கள். நிமோனியா என்றார்கள். மல்லித் தண்ணி ஏதும் செய்ததா என்று டொக்டரிடம் மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் இல்லையென்றார். நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

இப்போது கோயிலில் பலர் என்னைக் கிளினிக்குக்குத் துணையாகக் கூப்பிடுகிறார்கள். போன கிழமை வால்வு மாற்றிய ஓர் ஐயாவோடு போனேன். மூலிகை ஏதாவது எடுக்கிறாரா என்று தாதி கேட்டார். ஐயா “ஒண்டும் இல்லை” என்றார். தாதி பேனாவோடு காத்திருந்தார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்லாமல் ஐயாவின் பக்கம் திரும்பினேன்.

“ஐயா, வேரோ, கசாயமோ, கடையில வாங்கின தூளோ?” என்று தமிழில் மறுபடியும் கேட்டேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். “பிள்ளை, ஒரு தூள் இருக்கு. சொன்னா ஏசுவினமோ?”

“ஏசமாட்டினம், ஐயா. சொல்லுங்கோ.”

அவர் சொல்லத் தொடங்கினார். ஒன்றையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.