அரசாங்கம் திறக்கும்வரை மாமாவைப் பார்க்கக் கூடாது

அன்பு மகள் டெலியாவுக்கு, வாஷிங்டனிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், உன் மாமா வெண்டெல் நலத்துக்கும் ஒரு படி மேலே, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். அரசாங்கத்துக்குத்தான் உடம்பு சரியில்லை, கிறிஸ்துமஸுக்கு முன்னால் படுத்தது இன்னும் எழுந்திருக்கவில்லை. நீயும் மருமகனும் அந்தக் கோடியாக் தீவில் காற்றுக்கும் மீன் வாடைக்கும் நடுவில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். திரையில் கையால் பேசாமல் எதற்குக் கடிதம் என்று முகத்தைச் சுளிக்காதே. போன தடவை உங்கள் தீவுப் புயலில் படம் உறைந்துபோய், ஏதோ சொல்ல எடுத்த உன் கை மூக்குக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. நீ திட்ட ஆரம்பித்தாயா, மூக்கைச் சொறிந்தாயா என்று எனக்கும் அப்பாவுக்கும் ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை சண்டை. கடிதம் உறையாது. டீச்சரம்மா ஆகிவிட்ட நீ என் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது, நானும் அதைக் கைகழுவினேன், இருவருக்கும் நஷ்டம் இல்லை.

மேலே இருக்கிற பெரிய மனிதர்கள் பணத்தை எப்படிப் பங்கு போடுவது என்று ஒத்துப்போகாமல் அரசாங்கத்தையே இழுத்துச் சாத்திவிட்டார்கள் என்பது உனக்கும் தெரிந்திருக்கும். நம் காது கேளாதோர் பல்கலைக்கழகத்துக்குச் சோறு போடுகிற கையும் அந்தக் கைதானே. விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிய அன்று தலைவரம்மா மேடை ஏறி, பயப்படாதீங்க, கையிருப்பு இருக்கு, கொஞ்ச நாளைக்குத் தாங்கும் என்றார். சொன்னார் சரி, சொன்ன விரல்கள் நடுங்கியதை அரங்கமே பார்த்தது. வாயால் பேசுகிறவர்கள் குரலை அடக்கி ஏமாற்றலாம், நம் ஆட்களிடம் அது நடக்குமா? மறுநாளே யார் அவசியமானவர், யார் அவசியமில்லாதவர் என்று பிரித்துவிட்டார்கள். சமையல்கூடத்தில் நிற்கிற நான் அவசியம். பாய்லர் அறையில் நிற்கிற மாமா அவசியம். சுவருக்கு வண்ணம் அடிக்கிற உன் அப்பா ராஸ்கோ அவசியமில்லை. முப்பது வருஷமா நான் சொன்னப்ப கோவம் வந்துச்சே, இப்ப அரசாங்கமே சொல்லுது பாத்தீங்களா என்றேன். மனிதர் என் மசாலா டப்பாக்களை எல்லாம் இறக்கி, மஞ்சளிலிருந்து கருப்பு வரை நிறவாரியாக அடுக்கி வைத்துவிட்டார். மிளகாய்த் தூள் கேட்டால் சிவப்பின் எந்தச் சிவப்பு என்கிறார்.

சமையல்கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் போயிற்று, கோழி போயிற்று, பீன்ஸும் சோறும்தான் மிஞ்சின. நான் லூசியானாக்காரி, பீன்ஸில் எனக்குக் குறை சொல்ல முடியாது, ஆனாலும் தினமும் போட்டால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? சைகையில் எனக்கு இருந்த அழகான பெயர்க்குறியை எடுத்துவிட்டு, இப்போது வரிசையில் நிற்கிற பயல்கள் என்னைக் கூப்பிட விரலால் ஒரு பீன்ஸ் விதையைக் காட்டுகிறார்கள். நானும் அவர்களுக்குக் கரண்டியைக் காட்டினேன்.

சரி, மாமா விஷயத்துக்கு வருகிறேன். இர்மா என்று மின்னசோட்டாவிலிருந்து ஒருத்தி வந்து பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் தங்கியிருக்கிறாள் என்று முன்பே சொன்னேன் இல்லையா, நம்மைப் போல் காது கேளாதவள்தான், ஐம்பதைத் தொடுகிற வயது, அரசாங்க ஆவணக் காப்பகத்தில் உத்தியோகம். தெற்கே நம் கறுப்பினப் பிள்ளைகளைத் தனியாக வைத்துப் படிக்க வைத்தார்களே, அந்தப் பள்ளிகளில் வளர்ந்த கைகளின் பேச்சைக் காமெராவில் பிடித்து வைப்பது அவள் வேலை. என்னையும் விளக்கு வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பிடித்தாள். வடக்கே இருப்பவர்கள் ஒரு கை விரலால் இடுப்புப் பக்கம் முணுமுணுப்பதை நான் இரண்டு கையாலும் தோளிலிருந்து எடுத்து நெற்றிக்கு மேலே சொல்வேன், அவள் படத்தில் என் கை பாதி வெளியே போய்விட்டது, காமெராவைப் பின்னால் தள்ளித் தள்ளி அவளே தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள். அப்போது அவள் அறையில் வெந்நீர்க் குழாய் சூடாகவில்லை என்று பார்க்க வந்தவன்தான் உன் மாமா. அன்றிலிருந்து அந்தக் குழாய்க்கு வாரம் தவறாமல் ஒரு நோய். ஐம்பத்துநாலு வயது வரை கல்யாணம் என்றால் பாய்லருக்குள் ஒளிந்துகொண்ட என் தம்பி, நன்றித் திருநாளன்று என்னோடு கிழங்கு உரித்துக்கொண்டே, அக்கா, அவளைக் கேட்டுறலாம்னு இருக்கேன் என்றான். கேளேன்டா என்றேன். எப்படிக் கேக்கறது என்றான். அடுத்த நாள் பாய்லர் அறைப் பக்கம் போனேன், ஜன்னல் வழியாகப் பார்த்தால் இந்த ஆள் பாய்லர் முன்னால் நின்று, என்னைக் கட்டிக்கிறியா, என்னைக் கட்டிக்கிறியா என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான். பாய்லர் சம்மதித்திருக்கும், அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

புத்தாண்டுக்குப் பிறகு கேட்பதாக நாள் குறித்தான், அதற்குள் அரசாங்கம் படுத்துவிட்டது. இர்மாவுக்கும் மேலிடத்து உத்தரவு: வேலைக்கு வராதே, சம்பளம் இல்லை, சம்பளம் வேண்டாம் என்று சும்மா செய்தாலும் சட்டப்படி குற்றம். அவள் எப்பேர்ப்பட்டவள் என்றால், தெருவில் ஒரு வண்டிகூட இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு வரும்வரை பனியில் நிற்கிறவள். அந்த வாரம் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். நான் வழக்கம்போல் எங்கள் பள்ளிக்கூடத்து வார்டனம்மாவும் கோவேறு கழுதையும் கதையை எடுத்தேன். கழுதை வேலியைத் தாண்டும் இடத்தில் பார்க்கிறேன், இவள் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருக்கிறாள்! வெர்னா, நிறுத்துங்க, தயவுசெஞ்சு நிறுத்துங்க, நீங்க பேசறதைப் பாக்கறதுதான் என் உத்தியோகம், பாத்தா வேலை செஞ்ச மாதிரி ஆயிடும் என்கிறாள். உன் அப்பா ஒஹாயோக்காரர், ஒற்றைக் கைப் பேச்சு, அவரைப் பார்க்கச் சட்டம் தடுக்கவில்லை. ஆகவே அன்று முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டு, சுண்ணாம்பு அடித்த சுவரில் எண்ணெய் வண்ணம் ஏன் ஒட்டாது என்பதைக் கடைசிவரை தெரிந்துகொண்டாள், பாவம்.

கழுதைக்கே இந்தக் கதி என்றால் மாமா கதியை நினைத்துப் பார். அவன் கையும் என் கைதானே, ஒரே பள்ளிக்கூடம். தலைவாரி, புதுச் சட்டை போட்டு வந்து, இர்மா என்று இரண்டு கையையும் தூக்கினான், அவள் சட்டென்று குழம்புப் பானையைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். அவன் முகம் குழைந்த சோறு மாதிரி ஆகிவிட்டது. உன்னைப் புடிக்காம இல்லடா, சட்டம்டா என்றேன். என்னைப் பாக்கக் கூடாதுன்னு நாடாளுமன்றத்துல சட்டமா போட்டாங்க என்கிறான். எழுதிக் கொடேன்டா என்றேன். எழுதிக் குடுக்க நான் என்ன மின்சார கம்பெனியா, நோட்டீஸ் அனுப்ப என்றான். பிறகு அவனாகவே ஒரு யோசனை செய்து, வடக்கத்தியர் மாதிரி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சின்னதாகப் பேசப் போயிருக்கிறான். அவள் அவனுக்குக் கை வெந்துவிட்டது என்று நினைத்து ஓடிப்போய்க் களிம்பு எடுத்து வந்து, நல்ல கையில் தடவிவிட்டாள். அதையும் காட்டிக்கொண்டிருந்துவிட்டு வந்தான் மகராசன்.

இந்தச் சிரிப்பெல்லாம் போன வாரம் அடங்கிவிட்டது. செலவைக் குறைக்க விருந்தினர் விடுதியை மூடுவதாக முடிவாயிற்று, ஆட்கள் காலி செய்ததும் சூட்டை நிறுத்து என்ற உத்தரவு உன் மாமா கைக்கே வந்தது. அவளுக்கு மின்னசோட்டாவில் தங்கை வீடு இருக்கிறது, அங்கே ஒரு காது கேளாதோர் பள்ளியில் வேலைக்கும் கூப்பிட்டிருந்தார்கள். சம்பளம் இல்லாமல் எத்தனை நாள் இங்கே உட்கார்ந்திருப்பாள்? போனால் திரும்பமாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். மாமா சாப்பாட்டை நிறுத்திவிட்டான். நான் கிண்டல் செய்தும் சிரிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள். எனக்கும் கரண்டி பிடிக்கக் கை வரவில்லை டெலியா, அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கதவு திறந்தது, அதையும் யாரோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு சாத்துகிறார்கள் என்று இருந்தது.

நேற்று முன்தினம் மாலை சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்கு வழியனுப்பு விருந்து வைத்தோம், அதே பீன்ஸ்தான், மேலே கொஞ்சம் சாசேஜ், கூட நான் சுட்ட ஒரு ஆப்பிள் பை. ஏழு மணிக்குக் கூடத்தைப் பூட்ட வேண்டும் என்பது புது விதி. நம் ஆட்கள் விடைபெறுகிற லட்சணம் உனக்குத் தெரியும். தட்டை வைத்துவிட்டு ஒரு தடவை, கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை, வண்டியில் ஏறிக் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு தடவை. உன் கல்யாணத்துக்கு வந்தவர்களில் சிலர் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை என்று நினைக்கிறேன். பழைய காவலாளிக்கு நம் பேச்சு தெரியும், அவருக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டு வெளியிலிருந்து கார்வர் என்று ஒரு காது கேட்கிற ஆளைப் போட்டிருக்கிறார்கள், அன்றுதான் அவருக்கு முதல் நாள். மனிதர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், யாரும் பார்க்கவில்லை. வாய் திறந்த அகலத்தைப் பார்த்தால் கத்தியும் இருக்கிறார், இருநூறு செவிடர்களிடம்! கடைசியில் சுவரில் இருந்த விளக்குப் பொத்தானை அணைத்து ஏற்றி, அணைத்து ஏற்றி, அடித்தார். அவர் ஊரில் அதற்கு எல்லாரும் வெளியே போங்கள் என்று அர்த்தமாம். நம் ஊரில் என்ன அர்த்தம்? ஒருத்தர் சபைக்கு ஏதோ சொல்லப் போகிறார், எல்லாரும் இங்கே பாருங்கள் என்று. அவ்வளவுதான், கூடம் முழுக்கக் கைகள் இறங்கின, எல்லாக் கண்களும் பொத்தான் பக்கம் திரும்பின. கார்வர் சாவிக்கொத்தை எடுக்கக் குனிந்துவிட்டார். பொத்தானுக்குப் பக்கத்தில், தூண் மறைவில், விடைசொல்ல முகம் இல்லாமல் ஒதுங்கி நின்றவன் உன் மாமா.

இர்மாவும் திரும்பிவிட்டாள். பிறந்ததிலிருந்து விளக்கு சிமிட்டினால் திரும்புகிற உடம்பு, சட்டம் ஞாபகம் வருவதற்குள் திரும்பிவிட்டது.

மாமாவுக்கு ஓடவும் வழி இல்லை, வெளியே போகிற கதவை இருநூறு பேரும் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கையைக் கால்சட்டையில் துடைத்தான். விருந்தினர் விடுதில நாளைக்குச் சூட்டை நிறுத்தப் போறது நான்தான் என்றான். இதென்னடா ஆரம்பம் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அது உத்தரவு என்றான். பிறகு கையைத் தோளிலிருந்து எடுத்து, எங்கள் ஊர்ப் பேச்சில், பின்வரிசைக்கும் தெரிகிற மாதிரி, என் வீட்டுச் சூட்டை நிறுத்தச் சொல்லி இன்னும் எவனும் உத்தரவு போடல, அங்க வந்து இருக்கியா இர்மா, ஒரு வாரத்துக்கில்ல, ரெண்டு பேரும் கிழடாகற வரைக்கும் என்றான். பீன்ஸ் வரிசைப் பயல் ஒருவன், இப்பவே கிழடுதானே என்றான், அவனை அடிக்க என் கை நீண்டது, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அவள் கண்ணை மூடிவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம். மூடவில்லை. கன்னத்தில் ஓடினதைக்கூடத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த மின்னசோட்டாக்காரி, இடுப்புக்கு மேலே கை தூக்கியறியாதவள், இரண்டு கையையும் எங்கள் லூசியானா வழக்கத்தில் அகல வீசினாள், அப்பா கையில் இருந்த ஆப்பிள் பைத் துண்டு பறந்து தலைவரம்மா கோட்டில் விழுந்தது. நீ பேசினது மொத்தத்தையும் பாத்துட்டேன், குத்தம் பண்ணியாச்சு, இனிமே ஜெயில்னாலும் உன் வீடுதான் என்றாள். இருநூறு ஜோடிக் கைகள் நம் கைதட்டலாக மேலே எழுந்து ஆடின, காலால் தரையை அடித்ததில் தட்டுகள் குதித்தன. கலகம் என்று பயந்து கார்வர் மறுபடி விளக்கை அணைத்து ஏற்றினார். உடனே எல்லாரும் கையை இறக்கி, அடுத்துப் பேசப் போவது யார் என்று மரியாதையாகத் திரும்பினார்கள். நூலகத்து எமரி தாத்தா எழுந்து தன் இடது கையுறை காணவில்லை என்று அறிவித்தார். அப்புறம் கார்வரையும் உட்கார வைத்து ஒரு தட்டு போட்டுக் கொடுத்தேன், பொத்தானைத் தொடாதே என்று மட்டும் எழுதிக் காட்டினேன்.

மின்னசோட்டா வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கல்யாணம் ஆகும்வரை உன் அறையில் இருக்கிறாள், உன் பொம்மைகளைத் தொடவில்லை. மாமா தினமும் வருகிறான், அவன் பேசுவதை இரண்டு கண்ணாலும் பார்க்கிறாள். சட்டம் என்னாச்சு என்று சீண்டினேன். காமெரா வெச்சுப் பாத்தா உத்தியோகம், வெக்காமப் பாத்தா குடும்பம் என்கிறாள். ஆனால் கல்யாண அனுமதி தருகிற அலுவலகமும் பூட்டிக் கிடக்கிறது. ஆற்றைத் தாண்டி வர்ஜீனியாவில் முடித்துவிடலாமே என்றேன், காமெராவோட தாழ்வாரம் வரை ஓடவிட்டு எங்களைச் சேத்து வெச்ச ஊரு இது, இங்கேதான் என்று இருவரும் பிடிவாதம்.

ஆகவே தேதி எனக்குத் தெரியாது, நீ இப்போதே பெட்டியைக் கட்டி வை, திறந்த அன்றே கல்யாணம். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, மருமகனைப் பட்டினி போடாதே, வரும்போது புகைபோட்ட சால்மன் எடுத்து வா, இங்கே பிள்ளைகளுக்கு மீன் முகமே மறந்துவிட்டது. உங்கள் இருவர் கையும் எப்போதும் நிறைந்திருக்கட்டும், பேச நேரம் குறையாமல் இருக்கட்டும், கடவுள் துணை இருப்பார். மறக்காமல் பதில் எழுது. நேற்றும் இன்றும் இங்கே நல்ல பனி. உன் மாமா விடிந்ததும் மண்வாரியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போகிறானே என்று அப்பாவைப் பின்னால் அனுப்பினேன். பூட்டிக் கிடக்கிற அந்தக் கல்யாண அலுவலகத்துப் படிகளில் பனியைத் தள்ளிக்கொண்டிருக்கிறானாம்.

என்றும் உன் அன்பு அம்மா,
வெர்னா