தங்கம் தொட்ட தண்ணீர்

பிமலாவின் அப்பாவுக்கு,

நீங்கள் கத்தி முடித்ததும் போனை வைத்துவிட்டீர்கள். மலேசியாவில் என் பதிலைக் கேட்க நேரமில்லை போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஆமாம், ஏரைத் தொட்டேன். பெண் ஏர் பிடித்தால் மழை நின்றுவிடும் என்று நம் மலையில் சொல்வது எனக்கும் தெரியும். ஆனி பாதி போய்விட்டது, நாற்று முற்றிக்கொண்டிருந்தது. மற்ற ஆண்களெல்லாம் உங்களைப் போலவே போய்விட, உழுவதற்கு ஊரில் மிச்சம் உங்கள் அண்ணன் மட்டும்தான். மூன்று முறை அவர் வாசலில் போய் நின்றேன். "பாதி வயல எனக்கு எழுதிக் குடு, நாளைக்கே உழுதுடறேன்" என்றார். இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

மறுநாள் காலையில் நானே காளைகளைப் பூட்டினேன். சால் கோணலாகத்தான் போனது. அவர் வரப்பில் நின்று, "தூ! ஆம்பள இல்லாத வீடு!" என்று துப்பினார்.

"அத உங்க தம்பிகிட்ட சொல்லுங்க" என்றேன்.

அன்று மாலையே மழை கொட்டியது. அது பக்கத்து ஊர்ப் பூசையால் வந்ததாம்.

உங்கள் அண்ணன் காலில் விழ வேண்டும், தங்கம் தொட்ட தண்ணீரை ஏர்மேல் தெளித்துத் தீட்டுக் கழிக்க வேண்டும் என்கிறீர்கள். தங்கத்துக்கு எங்கே போவேன்? என் காதில் கிடந்ததை விற்றுத்தானே விமானம் ஏறினீர்கள்? ஐந்து வருடமாக ஈர்க்குச்சிதான் செருகியிருக்கிறேன்.

ஆனாலும் ஏரைக் கழுவிவிட்டேன். சேறு ஒட்டியிருந்தது. அடுத்த வருடமும் வேண்டுமே.

இப்படிக்கு,
ஆம்பள இல்லாத வீட்டுக்காரி