குரல் போனால் கப்பு

எப்போதும் நின்றுகொண்டே இருந்த என் கமலாவுக்கு,

இதையாவது உட்கார்ந்து கேள். போட்டி மாதம் மறுபடி வந்துவிட்டது. நீ டான்ஸ் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சலங்கையைப் பையில் போட்டுக்கொண்டு ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப் வழியாக ஓடுகிறார்கள். நீ போய் ஆறு வருசம் ஆகிறது. இந்தச் சத்தம் மட்டும் எனக்குப் பழகவே இல்லை.

நம் ஊர்ப் பேச்சு உனக்கு மறந்திருக்காது. டான்ஸ் டீச்சருக்குக் குரல் போய்விட்டால் அந்த வருசம் கப்பு நமக்குத்தான். நீ வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம் தா தை என்று சொற்கட்டு சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது, கப்பும் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். வாழவந்தி ஊர்த் தாய்மார்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "டீச்சருக்குக் குரல் போயிருச்சுங்களா?" என்றுதான் கேட்பார்கள். போய்விட்டது என்றால் அவ்வளவு சந்தோசம். அதில் பெரிய கிறுக்கன் நான். எஸ்டேட் ஆபீசில் ரைட்டர் வேலை பார்க்கிற மனுசன், "எங்க ஊட்டுல நேத்தே குரல் போயிருச்சு" என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேனே.

கடைசி வருசம் குரல் மட்டுமா போனது? கால் இரண்டும் வீங்கின. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. காலைச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு ஒத்திகைக்கு ஓடுவாய். ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து, வெறும் காற்றாக வந்த குரலில் கேட்டாய்.

"ஏனுங்க, நொம்ப முடியலீங்க. இந்த வருசம் வேற யாராச்சும் புள்ளைகளைச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போகட்டுமுங்களா?"

"இன்னும் நாலே நாளு. கப்பை வாங்கிட்டு வந்து படுத்துக்க கண்ணு" என்றேன். கண்ணு என்றால் நீ மறுக்க மாட்டாய் என்று தெரிந்தே சொன்னேன். டாக்டரிடம் கூட்டிப் போயிருக்க வேண்டிய நாலு நாள் அது. பாவி நான்.

கப்பு வந்தது. நீ உள்ளே போய்ப் படுத்தாய். நான் வாசலில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கப்பைக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளேயிருந்து தட்டுக்கழிச் சத்தம். நீ தாளம் போடுகிற அதே குச்சி, தரையில் டக் டக்கென்று. "பாருங்க, கப்பு வாங்கியும் அம்மணி தாளத்தை விடல" என்றேன். எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன்.

காப்பி எடுத்துக்கொண்டு போனபோது குச்சி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. உன்னிடம் மூச்சு இல்லை. குரல் இல்லாத நீ வேறு எப்படி என்னைக் கூப்பிடுவாய், கமலா? எத்தனை தடவை தட்டினாய்? சத்தம் தாறுமாறாகத்தான் வந்தது. உன் தாளம் ஒருநாளும் தப்பாதே. அதுகூடவா எனக்கு உறைக்கவில்லை?

சரி, சேதி சொல்கிறேன். வெள்ளக்கடை ஊர்ப் பெண் ஒருத்தி, சுமதி என்று பெயர், இப்போது டான்ஸ் டீச்சர். மூன்று வாரத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் ஒரு தகப்பன் சிரித்துக்கொண்டே சொல்கிறான், "புது டீச்சருக்கும் குரல் போயிருச்சுங்க. கப்பு நமக்குத்தான்." எனக்கு வந்ததே கோபம்! குடையை ஓங்கிவிட்டேன். நேரே பள்ளிக்கூடம் போய்ப் பெரிய டீச்சரிடம் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாள் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சுமதிக்கு ஐந்து நாள் லீவு கொடுத்தார். நானே டாக்டரிடம் கூட்டிப் போனேன். வெறும் தொண்டைப் புண்தானாம்.

இப்போது சொற்கட்டைப் பெரிய பிள்ளைகளே முறை வைத்துச் சொல்கிறார்கள். மத்தியானம் டீச்சர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சலங்கை கட்டலாம். உனக்கு இதில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை.

நேற்றுப் போட்டி. சுமதி பஸ்ஸிலிருந்து இறங்கி, "ஏனுங்க ஐயா, தோத்துட்டமுங்க" என்றாள். குரல் கணீரென்று இருந்தது. ரோட்டிலேயே நின்று அழுதேன். கப்புக்காக அழுகிறேன் என்று நினைத்து, பாவம், அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

இனி இந்த ஊரில் எந்த டீச்சருக்குக் குரல் போனாலும் நான் சிரித்துக்கொண்டு நிற்க மாட்டேன். உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டால், கையில் இருப்பது எதுவானாலும் கீழே வைத்துவிட்டு எழுந்து போவேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

நீ கூப்பிட்டபோது வராத,
உன் வீட்டுக்காரன்