உட்கார்ந்தே போக வேண்டிய தூரம்

ஜூலை 3, வியாழன்

விசா வந்துவிட்டது. மகள் பிரின்சிக்கு ஆகஸ்ட் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். அவளால் டொராண்டோவிலிருந்து வர முடியாது. அதனால் அனுமந்தன்பட்டியிலிருந்து தாய்வீடே கிளம்புகிறது. கொச்சியிலிருந்து பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்றார் மாப்பிள்ளை. தோகாவில் மாறி ஏறினால், அதற்கப்புறம் ஒரே மூச்சில் பதினாலு மணி நேரம்.

கால்தான் கவலை. போன வருஷம் இடது கால் நரம்பில் ரத்தம் உறைந்து கட்டியது.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பழகிப் பார்ப்போமே என்றுதான். பாத்ரூம் போக மட்டும் எழுந்தேன். திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அந்தோணிமுத்துவுக்குச் சிரிப்பு. "என்ன புள்ள, பிளேன் எங்கன பறக்குது?" கடல் மேலே என்றேன். சோற்றைத் தட்டில் போட்டு மடியில் கொண்டுவந்து வைத்தார். பொழுது சாய்ந்துதான் எழுந்தேன். எழுந்தேனா? சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 7

இடது காலில் செருப்பு நுழையவில்லை. அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 14, திங்கள்

எத்தனை நாள் மறைப்பது? அவரே பார்த்துவிட்டுத் தேனிக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். "மறுபடியும் கட்டியிருக்கும்மா. வழியில நுரையீரலுக்கு ஏறிருச்சுன்னா உங்க பொண்ணு பிள்ளையைப் பாப்பாளா, உங்களைப் பாப்பாளா?"

பஸ்ஸில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு கால். பாழாய்ப்போன ஒரு கால்.

ஜூலை 20, ஞாயிறு

பிரின்சி போன் செய்தாள். "நீ வரவேணாம்மா. அத்தைக்கு விசா இருக்கு. ஆனா நீயா சொல்லாம வரமாட்டேங்குறாக." எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் — இல்லை, அழுதுகொண்டேதான் சொன்னாள்.

சாயங்காலம் சம்பந்தி எஸ்தரிடம் நானே பேசினேன். "நீங்க போயிட்டு வாங்க மதினி" என்றேன். "உங்க மனசு எனக்குத் தெரியாதா மதினி" என்றார். தெரியும்தான். நல்ல மனுஷி. கோபப்படக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

எஸ்தர் கிளம்பினார். பிரசவ மருந்தை நானே இடித்துக் கொடுத்தேன். "வெறும் வயித்துல குடுங்க. மூஞ்சியச் சுளிப்பா, விடாதீக." கார் குமுளிப் பக்கம் திரும்பும்வரை நின்றேன்.

ஆகஸ்ட் 10

போய்ச் சேர்ந்துவிட்டாராம். பிளேனில் நன்றாகத் தூங்கினாராம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பேத்தி. தாயும் பிள்ளையும் நலம். ஆண்டவருக்கு நன்றி.

வலி எடுத்ததிலிருந்து மாப்பிள்ளை போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் பக்கம் வைத்திருந்தார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "அம்மா... அம்மா..." என்று பிரின்சி அலறினாள். நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தரின் குரல் கேட்டது. "இங்கனதான் இருக்கேன் ஆத்தா. கையப் பிடிச்சுக்க."

அலறல் கொஞ்சம் அடங்கியது. மறுபடியும் "அம்மா" என்றாள், மெதுவாக.

நான் பேசவில்லை.