பிள்ளையாரிடம் போன ஜப்பான் எலி

ஞாயிறு, ஒக்டோபர் 12

டோஸ்ட்ருப் பழைய சாமான் சந்தையில் நேற்று வாங்கிய மர எலியை இன்று வீடெல்லாம் தேடினேன். பெருவிரலளவு நெட்சுகே. கிமோனோ உடுப்பில் பொக்கற் இல்லாததால், ஜப்பானியர் புகையிலைப் பையின் கயிற்றை இதன் அடித்துளைகளில் கோத்து இடுப்புப் பட்டிக்குள்ளால் விடுவார்களாம். எலி மேலே நின்று தாங்க, பை கீழே தொங்கும். எனக்கு வீட்டுக் கதவைப் பூட்டும் திறப்பைத் தொங்கவிட ஆசை.

கடைசியில் எலி சாமித்தட்டில், பிள்ளையாருக்கு முன்னால், சந்தனப் பொட்டோடு இருந்தது.

"இது வாகனமில்லையப்பா, இடுப்பிலை கொழுவுற சாமான்" என்று மனைவிக்கு முழு விளக்கமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"உங்கடை காற்சட்டையிலை நாலு பொக்கற் இருக்கு. பிள்ளையாருக்கு அரையிலை பட்டியாய் ஒரு பாம்பு மட்டும்தானே இருக்கு."

திறப்பைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டேன்.