உத்தரகோசமங்கையில் ஏது கடல்

786

மண்டபம்
8–7–1962

அன்பு மகள் சல்மாவுக்கு வாப்பா ஹமீது சுல்தான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் உம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி அண்டாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறோம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடாமல் இருந்ததற்கு வேலை காரணம் இல்லை மகளே, எழுத உட்கார்ந்தால் முகம் சுட்டது, தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். உன் உம்மாதான் இன்றைக்குக் கதவை மறித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதச் சொன்னாள்.

இங்கே கச்சான் காற்று பிடித்துவிட்டது, வாசலில் மணலை அள்ளி மாளவில்லை. வள்ளங்கள் பாதி கரையில் கிடக்கின்றன, மீன் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. உம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் உனக்கு மாசியும் நெத்திலிக் கருவாடும் பக்குவப்படுத்துவதென்றால் மட்டும் வலி தெரிவதில்லை. வருகிற ஆள் கையில் கொடுத்தனுப்புகிறோம்.

உன் கடிதத்தில் எழுதியிருந்தாய், நான் அனுப்பிய கோபக் கடிதத்தைப் படித்துவிட்டு மாப்பிள்ளை, என் காருக்கு அனுப்பின ரேடியோவை வாங்கிய கடைக்கே போய், பழைய சாமானை என் மாமனார் தலையில் கட்டிவிட்டாயே என்று கடைக்காரரோடு சண்டை போட்டு, அவர்களுக்குள் இருந்த பழைய சிநேகமே முறிந்துபோனது என்று. அதைப் படித்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. நல்லா கேட்டாரு மாப்பிள்ளை என்றுதான் நினைத்தேன். இப்போது அந்த வரியை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி, எதையும் விட்டுவிட்டுப் படிக்காதே.

நீங்கள் அனுப்பிய ரேடியோவை நம் வாடகைக் காரில் பொருத்தியவன் ராமநாதபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் பால்சாமி. வாய் சும்மா இராது அவனுக்கு, ஆனால் கைவேலை சுத்தம். பொருத்தின அன்று ஊரே வந்து பார்த்தது. ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றால் சவாரிக்கு நிற்கிற மற்ற வண்டிகளை விட்டுவிட்டு, பாட்டுக் கார் எங்கே என்று கேட்டு என்னிடம் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வண்டி நிற்கும்போது கொழும்பு ரேடியோ பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்கும், எஞ்சினைக் கிளப்பினால் போதும், பாட்டுக்கு மேலே டிக்டிக்கென்று ஒரு சத்தம், கூடவே கொசு ரீங்காரம்போல இன்னொரு சத்தம். வேகம் கூடினால் இரண்டும் கூடும்.

பால்சாமி அதைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும், அதில் அவன் மேல் ஒரு குறையும் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, ரேடியோவின் பின்னால் இருக்கிற ஏரியல் வயரை உருவினான். பாட்டு போனது, டிக்டிக்கும் போனது, கொசுச் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. "பாத்தீகளா மரைக்காயரே, ஒன்னு மேல ஏரியல் வழியா வருது, இன்னொன்னு கீழ பேட்டரி வயரு வழியா வருது, ரெண்டு திருடனுக்கும் வேற வேற வாசல்" என்றான். பிறகு சாவியை மூடச் சொன்னான். மூடியதும் டிக்டிக் சட்டென்று செத்தது, கொசுச் சத்தம் எஞ்சின் சுற்றி ஓய்கிற வரை இழுத்து அடங்கியது. டிக்டிக் பிளக்கில் பொறி தெறிக்கிற சத்தம், கொசுச் சத்தம் டைனமோவின் சத்தம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. பொறிக்குப் போகிற வயரில் அதை அடக்குகிற சின்னத் தடுப்பு ஒன்றைச் செருகினான். டைனமோவில் அதன் சத்தத்தை உறிஞ்ச ஒரு கன்டன்சர் வைத்து முடுக்கினான். ஏரியல் அடியைக் கழற்றிப் பார்த்தால் நம் ஊர் உப்புக்காற்றில் தகரம் துருவேறிப் பொருக்குத் தட்டிக் கிடந்தது, அதைப் பளபளவென்று சுரண்டி எர்த் சரியாகப் பிடிக்க வைத்தான். மறுபடி கிளப்பினோம். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சுத்தமாக இருக்கிறது என்றார்கள்.

எனக்கு மட்டும் சுத்தமாக இல்லை. டிக்டிக் இல்லை, கொசு இல்லை, ஆனால் பாட்டுக்குப் பின்னால் அலை மணலில் உள்வாங்குகிற மாதிரி ஸ்ஸென்று ஓர் இரைச்சல் விடாமல் இருந்தது. பால்சாமி ரேடியோவில் காதை ஒட்டி வைத்துக் கேட்டான், "எனக்கு ஒன்னும் கேக்கலையே மரைக்காயரே" என்றான். திரும்பத் திரும்பப் போனேன். கன்டன்சரை மாற்றினான், வயரை மாற்றினான், ஏரியலையே மாற்றினான். கடைசியாகப் போன அன்று சந்தை நாள், கடை வாசலில் அத்தனை கூட்டம். அதற்கு நடுவில் நின்று, வேலை தெரியாத உனக்கெல்லாம் எதற்கடா கடை, ஊரை ஏமாற்றுகிறாயா என்று கத்திவிட்டேன். அவன் என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தான், எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடிப் பயல் பேசாமல் நின்றதைப் பார்த்து, குற்றம் அவன் மேல்தான் என்று முடிவு கட்டினேன்.

வீட்டுக்கு வந்து உன் உம்மாவை முற்றத்தில் காருக்குள் உட்கார வைத்துக் கேட்கச் சொன்னேன். "நல்லாத்தானே பாடுது, எரைச்சலெல்லாம் இல்லீங்க" என்றாள். உனக்குக் காது அடைத்துப் போயிருக்கிறது என்று அவளைத் திட்டினேன் சல்மா. அவளைப் பார்த்து நான் சொன்ன வார்த்தை அது. அந்தக் கோபத்தோடு அன்றைக்கே உனக்கு அந்தக் கடிதத்தையும் எழுதித் தபாலில் போட்டேன்.

அதற்குப் பிறகு உச்சிப்புளிக்கு இந்தப்பக்கம் ஒரு நாள், காரில் ஆள் ஏற்றி வருகிறேன், ரோட்டில் மணல் ஏறிக் கிடந்தது. அதை விலக்க வலப்பக்கம் ஒடித்தேன். பின்னால் முந்திக்கொண்டு வந்த பஸ் என்மேல் மோதாமல் இருக்க ரோட்டை விட்டு இறங்கி, மணலில் புதைந்து, ஒரு பனைமரத்துக்கு ஒரு முழம் இந்தப்பக்கம் நின்றது. பஸ்ஸுக்குள்ளே பெண்டு பிள்ளைகளின் அலறல். யாருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். பஸ் டிரைவர் இறங்கி வந்து, "யோவ், எம்புட்டு நேரமாய்யா ஆரன் அடிக்கிறது, செவிடா நீ?" என்று கேட்டான். ஆரன் அடிக்கவே இல்லை என்று நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றேன். என் வண்டியில் இருந்தவர்களே, அடித்தார் பாய், எங்களுக்குக் கேட்டது என்றார்கள். உடனே, இந்தப் பாழாய்ப்போன ரேடியோ இரைச்சலில் காது கேட்கவில்லை என்று ரேடியோ மேல் போட்டேன். அப்போதும் என்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

போன மாதம், ரயில்வேயில் இருக்கிற நாகநாதனும் அவர் மனைவி ராமலெட்சுமியும் உத்தரகோசமங்கைக் கோயிலுக்குப் போக வண்டி கேட்டார்கள். அவர்களை இறக்கிவிட்டு, வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன், ரேடியோவையும் அணைத்தேன். நல்ல உச்சி வெயில், ஒரு இலை ஆடவில்லை. இரைச்சல் அப்படியே இருந்தது. ரேடியோ அணையவில்லையோ என்று மறுபடி திருகிப் பார்த்தேன். சாவியை உருவினேன். இறங்கிப் போய் பானட்டைத் திறந்து பேட்டரி வயரையே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் ஸ்ஸென்றது. சரி, கடல்தான் இரைகிறது, வேறென்ன என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து கடலோரத்தில் கிடப்பவனுக்கு அந்தச் சத்தம் வித்தியாசமாகவே படவில்லை. அப்புறம்தான், உத்தரகோசமங்கையில் ஏது கடல் என்று உறைத்தது. இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தினேன். வெளியில் இருக்கிற சத்தம் என்றால் பொத்தினால் குறைய வேண்டும். கூடியது மகளே. கையில் பிடித்திருந்த வயர் எப்போது நழுவி விழுந்தது என்று தெரியவில்லை.

அப்படியே நிற்கிறேன், யாரோ தோளைத் தட்டினார்கள். ராமலெட்சுமி. "என்னண்ணே, கோயில் வாசல்லருந்து கூப்புட்டுக்கிட்டே வாரோம், திரும்பிப் பாக்க மாட்டேங்கிறீகளே" என்றது. அந்தப் பிள்ளை மாசமாக இருக்கிறது, கல்யாணமாகி வெகுநாள் கழித்து உண்டானதென்று நேர்த்திக்கடன் செலுத்த வந்திருந்தார்கள். அவளை ஏற்றிக்கொண்டு ஆரன் கேட்காத காதோடு எப்படி ஓட்டுவேன்? சொல்லாமலும் ஓட்டலாம், இத்தனை நாள் ஓட்டினது அப்படித்தானே. முடிவில் நாகநாதனைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பி, என் காது பழுது, முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து பின்னால் வண்டி வந்தால் தொடையில் தட்டுங்கள் என்றேன். வெளியாள் ஒருவரிடம் நான் அப்படிக் கேட்டது என் ஆயுளில் முதல் தடவை. அவர் மனைவியைப் பின்னால் ஏற்றிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். வழி நெடுக ஓரம் கட்டியே ஓட்டினேன். அவர் என் தொடையில் தட்டின ஒவ்வொரு தடவையும், இதற்கு முன்னால் எத்தனை வண்டி, எத்தனை சைக்கிள் என் பின்னால் கத்திவிட்டுப் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

வருகிற வழியில் அவர்களிடம் கேட்டுக்கொண்டு பால்சாமி கடை முன்னால் நிறுத்தினேன். திட்டினது தெருவறியத் திட்டினேன், மன்னிப்பு மட்டும் காதோடு கேட்கலாமா. கடைக்குள் ஆள் இருக்கும்போதே, பழுது ரேடியோவில் இல்லை பால்சாமி, என் காதில் இருக்கிறது, நான் பேசினது தப்பு என்றேன். அவன் கையிலிருந்ததை வைத்துவிட்டு வெளியே வந்தான். "எனக்கு அன்னைக்கே தெரியும் மரைக்காயரே. நான் பக்கத்துல நின்னு மெதுவாப் பேசுனா நீங்க என் வாயையே பாத்தீக. பெரியவக, பொழப்பே வண்டிதான், ஒங்ககிட்டப் போயி எப்பிடிச் சொல்றது? அதான் வயரை மாத்துறேன், கன்டன்சரை மாத்துறேன்னு ஓட்டுனேன்" என்றான். அவன் கோபித்திருந்தால் தேவலை. பிறகு அவனே, "ஆனா சொல்லியிருக்கணும், தப்பு எம்மேலயும்தான்" என்று தலையைக் குனிந்தான். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டினேன். வருஷக்கணக்காக லாரியும் காரும் ஓட்டிய எஞ்சின் சத்தத்தில் காது நரம்பு தேய்ந்துவிட்டதாம், அந்த இரைச்சல் அதனால் வருவதாம், மருந்து இல்லையாம். மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும், சின்னப் பிள்ளைகள் பேச்சு, குருவி சத்தம், இதெல்லாம் என்றார். பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று நீ எழுதியிருந்ததுதான் உடனே ஞாபகம் வந்தது.

வீட்டில் சொன்னபோது உன் உம்மா ஆச்சரியப்படவே இல்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கொஞ்ச காலமாக அவள் குரலை உசத்திப் பேசுகிறாள், பொம்பளைக்கு என்ன இவ்வளவு சத்தம் என்று நான் அதட்டிக்கொண்டிருந்தேன். ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று அண்டை வீட்டுத் தாஜுன்னிசா கேட்டதற்கு, தனக்குத்தான் தொண்டை சரியில்லை என்று சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். "பெறகு ஏன்டி எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னேங்க, ஒங்களுக்குத்தான் கேக்கல" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

இப்போது வண்டியைச் சோணைமுத்து என்கிற நல்ல பையன் ஓட்டுகிறான். நான் ஸ்டேஷனில் சவாரி பேசி ஏற்றிவிடுவதோடு சரி. ஏன் நீங்கள் ஓட்டவில்லை என்று கேட்கிறவர்களிடம் முதலில் கண் சரியில்லை என்று சொன்னேன், கண்ணைவிடக் காதுக்கு என்னவோ கூச்சம் அதிகமாக இருந்தது. இப்போது உள்ளதையே சொல்கிறேன். பஸ் டிரைவரையும் தேடிப் போய்ப் பார்த்தேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்தான், கொடுக்கவேண்டியவன் நான்.

மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். மாமனார் மருமகனிடம் கேட்கிற வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை, ஆனால் தப்பை உறவு பார்த்துச் செய்யவில்லையே. அவர் அனுப்பினது அசல் சாமான், பாடிக்கொண்டுதான் இருக்கிறது, சோணைமுத்துவும் சவாரி வருகிறவர்களும் கேட்டு மகிழ்கிறார்கள். அந்தக் கடைக்காரரிடம் போய், என் மாமனாரின் காதுதான் பழுது என்று என் பேரைச் சொல்லியே சமாதானம் பேசச் சொல். என்னைக் காப்பாற்ற வேறு காரணம் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளையும் காரோட்டுவதாக எழுதியிருந்தாய், யாராவது கேட்கவில்லையா கேட்கவில்லையா என்று இரண்டு தடவை கேட்டால் கோபப்படாமல் போய்க் காதைக் காட்டச் சொல்.

பேத்திக்கு ஆயிரம் முத்தங்கள். நீ புருஷனோடும் பிள்ளையோடும் நீடூழி வாழ அல்லாஹ் அருள் செய்யட்டும், உங்கள் கைவேலையில் பரக்கத்தைத் தரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே மகளே. வருகிற வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கும்போது, கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் தூரத்தில் நின்று வாப்பா வாப்பா என்று கூப்பிட்டுவிட்டு, திரும்பவில்லையே என்று மனம் நோகாதே. கிட்டத்தில் வந்து தோளைத் தொடு. பேத்தியையும் தொடச் சொல்.

துஆவுடன்,
உன் வாப்பா
மு. ஹமீது சுல்தான்